கன்டினியூட்டிக்காக நிறுத்திய நடவு

பேய், ஆவி, காத்துக்கருப்பு எதையும் நான் நம்பியவள் இல்லை. இப்போதும் நம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அப்பா கட்சிக்காரர், சாமி படம் மாட்டாத வீடு எங்களுடையது. மோகினி, முனி என்று யாராவது ஆரம்பித்தால் "சரி, அதோட எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு" என்று கேட்டு வாயடைக்கிற ஆள் நான். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இன்னொன்று, இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல், சாப்பாட்டு நேரம், சுற்றிலும் ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்கு ஆட்கள்.

முதலில் அந்த டைரக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்வார். அதுவரை அவர் எடுத்த எந்தப் படத்திலும் ஒரு செல்போன் கிடையாது. ஒரு படத்தில் ராஜா, ஒரு படத்தில் வெள்ளைக்காரன், ஒரு படத்தில் டிராம் வண்டி. தரங்கம்பாடியில் ஒரு படம் எடுத்தபோது கோட்டைக்குப் பக்கத்தில் வலை காயப்போட்டிருந்தவர்களை ஒதுக்கிவிட்டு, "அந்தக் காலத்து மீனவர்கள்" என்று சென்னையிலிருந்து வேனில் ஆள் இறக்கினாராம். இதை அவரே பெருமையாகச் சொன்னார். பீரியட் படம் எடுக்கிறேன், பீரியட் படம் எடுக்கிறேன் என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்வார், ஏதோ தவம் இருக்கிற மாதிரி.

முதல் நாளே கேட்டேன். "ஏன் சார், இன்னைக்கு நடக்குற கதை எதுவும் உங்க கண்ல படலையா?"

"இந்தக் காலத்துல அழகு இல்ல மேடம். எங்க பார்த்தாலும் ஒயரு, பிளாஸ்டிக்கு, டவரு. அந்தக் காலத்துல வறுமையில கூட ஒரு அழகு இருந்துச்சு."

வறுமையில் அழகு. அந்த அழகை அனுபவித்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நடக்கிற அநியாயத்தைப் படமெடுத்தால் அதைச் செய்கிறவன் உயிரோடு இருப்பான், கேஸ் போடுவான், தியேட்டரை மறிப்பான், அடுத்த படத்துக்குப் பணம் போட மறுப்பான். செத்துப்போன மிராசுதாரை வில்லனாக்கினால் ஒரு தொல்லையும் இல்லை, மேடை போட்டு மாலையும் போடுவார்கள். புரட்சி என்ற பேரில் இவர்கள் விற்பது இந்தப் பாதுகாப்பைத்தான். வாங்குவதற்கும் நம் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அவர் எங்கள் தெருவுக்கு வந்தது என் அம்மாவைத் தேடி. அம்மா பெயர் வேம்பு. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நட்ட குடும்பம். அம்மாவின் அக்கா அஞ்சலை, எனக்குப் பெரியம்மா, நான் பார்த்ததில்லை. புது ஆட்சி வந்துவிட்டது, இனி எல்லாம் மாறும் என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம் அது. சுவரில் மாறியதே தவிர வயலில் எதுவும் மாறவில்லை. கூலி உயர்த்திக் கேட்டு எங்கள் ஆட்கள் தெருமுனையில் கொடி நட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் ஒருநாள் நடவு பாதி முடிந்திருக்கும்போது பெரியம்மா நிமிர்ந்து நின்று, வரப்பில் நின்ற மிராசுதாரின் காரியஸ்தரிடம், "கூலியச் சொல்லுங்க, மிச்சத்த நடுறேன்" என்று சொல்லிவிட்டாள். மிராசுதாரின் ஆட்கள் வயலில் இறங்கி அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கையில் நாற்று அப்படியே இருந்ததாம். மறுநாள் கேட்டதற்கு, அவள் ராத்திரியே ஊரைவிட்டு ஓடிவிட்டாள் என்றார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

அந்த வயல்தான் இன்றைக்கு எங்கள் வயல். உச்சவரம்புச் சட்டம் வந்து, அது ஏட்டிலேயே கிடந்து, அப்பா மாதிரி ஆட்கள் அலைந்து அடிபட்டு ஜெயிலுக்குப் போய், கடைசியில் அம்மா பெயருக்குப் பட்டா ஆனது. பெரியம்மாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கிய நடவைப் பாதியில் விட்டுக் கரையேற மாட்டார்கள். மழை கொட்டினாலும் நனைந்துகொண்டே முடிப்பார்கள், அந்தி சாய்ந்தால் வண்டி விளக்கைப் போட்டாவது முடிப்பார்கள். நான் இதை மூடநம்பிக்கை என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அம்மா கதையைச் சொல்லச் சொல்ல டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரி, மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அன்னைக்கு அவங்க என்ன கலர் புடவைம்மா கட்டியிருந்தாங்க?"

ஆனாலும் அம்மா வயலைக் கொடுக்கச் சம்மதித்தாள். காரணம் பணம் இல்லை. தன் அக்கா பெயர் ஒரு கல்வெட்டில் இல்லை, ஒரு பேப்பரில் இல்லை, போலீஸ் புகாரில்கூட இல்லை. படத்தில் வந்தால் நாலு பேருக்குத் தெரியும் என்ற ஆசை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"என்னமோ எடுத்துக்குங்க தம்பி. ஆனா நடவுல இறங்குனா அன்னைக்கே முடிச்சிடணும். அந்த வயல மறுபடி பாதியில நிறுத்தக் கூடாது."

"சத்தியமாம்மா, இது என் படம் இல்ல, உங்க அக்கா படம்" என்று அம்மா கையைப் பிடித்துச் சொன்னார்.

அடுத்த வாரம் எங்கள் தெருவிலிருந்து இந்தக் காலத்தை அள்ளி வெளியே கொட்டினார்கள். மின்கம்பத்துக்குப் பனைமர வேஷம். டிஷ் எல்லாம் இறங்கியது. என் அண்ணன் செல்வம் வெளிநாட்டில் வெயிலில் வெந்து கட்டிய மாடி வீட்டை "ஃபிரேம்ல உறுத்துது" என்று கீற்று வைத்து மூடினார்கள். என் ஸ்கூட்டரைத் தார்ப்பாயில் சுருட்டினார்கள். நர்சிங் படிக்கிற எங்கள் பெண்களை நடவுக் காட்சிக்குக் கூப்பிட்டு, முகத்தில் கறுப்பு மை தடவினார்கள், எங்களைப் போலவே நாங்கள் தெரிய வேண்டுமாம். ஒரு பெண் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்றதற்கு, "அந்தக் காலத்துல உங்க ஆளுங்க கண்ணாடி போட்டிருக்க மாட்டாங்கம்மா" என்றார் அசிஸ்டெண்ட். போடவிட்டால்தானே போட்டிருப்பார்கள்!

ஞாயிற்றுக்கிழமை நடவுக் காட்சி. நானும் வரப்பில் நின்றேன். பெரியம்மாவாக நடித்த பெண் பாவம், சேற்றைப் பார்த்ததே இல்லை. அம்மாதான் அவளுக்கு நடச் சொல்லிக் கொடுத்தாள். இடது கையில் நாற்றுக்கட்டு, முடி என்போம், வலது கையால் பிரித்து ஊன்று, பின்னால் போ. அவள் வலது கையால்தான் நட்டாள், கையை மட்டும் தனியாக நெருக்கத்தில் எடுத்தார்கள், அதிலும் வலது கைதான். இதைப் பின்னால் கேட்பேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பாதி வயல் நட்டிருந்தது. இழுத்துக்கொண்டு போகிற காட்சிதான் பாக்கி. டைரக்டர் வானத்தைப் பார்த்தார். வெயில் பிடிக்கவில்லை. கறுத்த மேகம் வேண்டுமாம். "பேக்கப். வயல் அப்படியே இருக்கட்டும், ஒரு நாத்துகூட யாரும் தொடக்கூடாது. அடுத்த ஷாட்லயும் இதே மாதிரி தெரியணும். கன்டினியூட்டி."

புரட்டாசி வெயிலில் மேகத்துக்கு எங்கே போவது? மறுநாளும் வெயில், அதற்கு மறுநாளும் வெயில். பாதி நட்டது பாதி நடாதது என்று வயல் கிடந்தது. கட்டி வைத்த நாற்று முடிகள் வரப்போரம் பழுக்க ஆரம்பித்தன. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நேரம், எங்கள் முறை முடியப் போகிறது. அம்மா வாசலில் உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் போட்ட சோறு தட்டிலேயே இருந்தது. "மறுபடியும் அப்படியே நிக்குதுடி" என்று மட்டும் சொல்வாள்.

இதற்கு நடுவில் செல்வம் எங்கேயோ கேட்டு வந்து இன்னொரு சங்கதி சொன்னான். படத்தில் பெரியம்மா காணாமல் போகவில்லையாம். மிராசுதாரின் மகன் அவளைக் காதலித்துக் காப்பாற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போய்விடுவானாம். பெயரும் அஞ்சலை இல்லை, "கொஞ்சம் சாஃப்டா" மல்லிகா என்று மாற்றிவிட்டார்களாம். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். அவள் அதற்குள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து நேராக லொகேஷனுக்குப் போனேன். சாப்பாட்டு பிரேக். ரோட்டோரம் ஷாமியானா, யூனிட் முழுக்க அதற்குள்தான். எங்கள் தெருப் பெண்களும் மேகம் வருமென்று பூசிய மையோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் வந்திருந்தாள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், எதிரில் டைரக்டர். ஷாமியானாவுக்கும் வயலுக்கும் நடுவே நீளமாகக் கீற்றுத் தட்டி, லாரிகள் ஃபிரேமில் விழாமல் இருக்க அவர்களே கட்டியது. அதனால் உள்ளே இருந்தால் வயல் தெரியாது. வயலுக்குப் போக ஒரே வழி, அந்த வழியில் காவலுக்கு யூனிட் ஆள் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், அம்மாகிட்ட சத்தியம் பண்ணுனீங்க" என்று ஆரம்பித்தேன்.

"மேடம், நீங்க சயின்ஸ் டீச்சர். பாதி நட்டா என்ன, முழுசா நட்டா என்ன? சினிமாவுக்கு ஷாட்தான் முக்கியம். அம்மா கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க."

அவர் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குக் கேட்டது. சளக், சளக் என்று சேற்றில் கை போய் வருகிற சத்தம், நடுநடுவே நாற்றைத் தண்ணீரில் அலசுகிற சத்தம். நடவு வயலுக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதை வேறு எதுவாகவும் நினைக்க முடியாது. வேகமான நடவு, அவசரம் அவசரமாக. என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மேடம், வயல்ல யாரு?" என்றார். எங்கள் பெண்கள் எல்லாரும் என் கண் முன்னால் இலையில் இருந்தார்கள். செல்வம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

எழுந்து தட்டியைச் சுற்றிப் போனேன். யாரும் இந்தப் பக்கம் வரவில்லை டீச்சர் என்றார் காவல் ஆள். வயலில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் வயல் முழுக்க நட்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். காலையிலிருந்து வெறும் தண்ணீராகக் கிடந்த பாதி, வரப்பு வரைக்கும் நட்டு நிறைந்திருந்தது. தண்ணீர் கலங்கல் இன்னும் அடங்கவில்லை. கடைசி மூலையில் வட்டம் வட்டமாக அலை போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் கிடந்த நாற்று முடி ஒன்றுகூட மிச்சம் இல்லை.

பின்னாலேயே வந்த டைரக்டருக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயம் இல்லை, வியப்பு இல்லை. தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "எவன்டா நட்டது? கன்டினியூட்டி போச்சு! பிடுங்குங்கடா எல்லாத்தையும்!"

ஒரு சாப்பாட்டு நேரத்தில் அத்தனை வயலை எத்தனை பேர் இறங்கினால் நட முடியும் என்று அவர் யோசிக்கவே இல்லை. எங்கள் பெண்கள் வரப்பைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். "நட்டதப் புடுங்க மாட்டோம் சார், வேற ஆளப் பாருங்க." ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். புதிதாக நட்ட நாற்று, தொட்டாலே கையோடு வரும். வரவில்லை. ஒருவன் இரண்டு கையாலும் இழுத்தான், வேர் இறங்கிப் பல நாள் ஆன பயிர் மாதிரி நின்றது. தாள் அறுத்து உள்ளங்கையில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். "சோத்துக்கு வந்தவனுங்களா" என்று திட்டிக்கொண்டு டைரக்டரே வெள்ளை பேண்ட்டோடு இறங்கினார். ஒரு குத்தைப் பிடித்து மூச்சைக் கட்டி இழுத்தார். நாற்று அங்கேயே நின்றது, அவர் மல்லாக்க விழுந்தார். அவர் ரசிக்கிற அந்தக் காலத்துச் சேறு காதுக்குள் போய்விட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே யூனிட் மூட்டை கட்டிவிட்டது. மிச்சத்தைத் திருக்கடையூர்ப் பக்கம் வேறு வயலில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். லாரி எல்லாம் போன பிறகு அம்மா மெதுவாக வரப்புக்கு வந்தாள். குனிந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நட்ட பாதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அன்று மத்தியானம் நட்ட பாதி அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. நடுவில் வகிடு எடுத்த மாதிரி கோடு. அதை நானே என் கண்ணால் பார்த்தேன்.

"அக்கா கைடி" என்றாள் அம்மா. "அது பீச்சாங்கையாலதான் நடும். நட்டா இப்படித்தான் சாயும். பீச்சாங்கையால நட்டா வெளைச்சல் வராதுன்னு காரியஸ்தர் கம்பால அந்தக் கையிலயே அடிப்பாரு. ஒருதரம் சுண்டுவிரல் ஒடிஞ்சி, அப்புறம் மடக்கவே முடியல. விறைச்சிக்கிட்டு நிக்கும்."

இதை அவள் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகள் எனக்கே அன்றுதான் தெரியும்.

"கூலியச் சொன்னாத்தான் நடுவேன்னுச்சே" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. இயற்பியல் டீச்சர் கேட்கிற கேள்வியா அது?

"இப்ப இது நம்ம வயலுல்ல. நம்ம வயலுக்கு என்னத்துக்குக் கூலி? அதான் நட்டுட்டுப் போயிருக்கு" என்று சொல்லி அம்மா அழுதாள். வீட்டுக்கு வந்து சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாளே நான் பழைய ஆளாகிவிட்டேன். பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்து நட்டிருக்கலாம், வேறு வழி இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். வேர் பிடித்ததற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை, அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

படம் வந்தது. திருத்துறைப்பூண்டி தியேட்டருக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அவள்தான் கேட்டாள். சொன்ன மாதிரியே மல்லிகா, காதல், மழையில் பாட்டு. மண்ணின் வலியாம், போஸ்டரில் போட்டிருந்தார்கள். அஞ்சலை என்ற பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை. வெறுத்துப்போய் நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடவுக் காட்சி வந்தபோது அம்மா இருட்டில் என் கையைத் தேடினாள். என் இடது கைச் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டாள், காட்சி முடிகிற வரைக்கும் விடவில்லை. பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படம் ஆன்லைனிலும் வந்த பிறகு ஒருநாள் டைரக்டரிடமிருந்து போன். குரல் இறங்கியிருந்தது.

"மேடம், ஒண்ணு கேட்கலாமா? உங்க பெரியம்மாவுக்கு இடது கைப் பழக்கமா?"

"ஏன் சார்?"

"க்ளோசப்ல ஹீரோயின் இடது கையால நடுறான்னு யூடியூப்ல கிழிக்கிறாங்க. கன்டினியூட்டி மிஸ்டேக்காம், என் படத்துல! ஆனா எங்க ஹார்டு டிஸ்க்ல இருக்குற எல்லா டேக்லயும் வலது கைதான் மேடம். எடிட்டிங்ல எத்தனை தடவை பார்த்திருப்பேன். ஓடுற படத்துல மட்டும்..." பேச்சை மாற்றினார். "அடுத்த படம் இந்தக் காலத்துக் கதைதான் பண்றேன். சென்னையிலேயே, ஒரு ஃபிளாட்டுக்குள்ள."

இந்தக் காலத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழி அதுதான். "ரொம்ப நல்லது சார். வீட்டுக்குள்ளயே எடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு அந்தப் படத்தை செல்போனில் தேடி, நடவுக் காட்சியில் நிறுத்திப் பார்த்தேன். வரப்பில் நின்று நான் பார்த்த அதே ஷாட். கை மட்டும்தான் தெரிகிறது. இடது கை. நடிகையின் கை மெலிந்த கை, இது காப்புக் காய்த்த கை. நாற்றைப் பிரித்து ஊன்றும்போது நாலு விரலும் மடங்கிச் சேற்றுக்குள் போகின்றன. சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை, விறைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது.